டீசலுக்கு மட்டும் பணம் தந்தால் வண்டி ஓடுமா?

சரக்குப் போக்குவரத்துத் தொழில் நடத்தும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்பா தொடங்கிய குடும்ப அறக்கட்டளையை இப்போது இவரும் தம்பியும் சித்தப்பாவும் கவனித்துக்கொள்கிறார்கள். காது கேளாத குழந்தைகளுக்குச் சைகை மொழியும் பேச்சுப் பயிற்சியும் தரும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 7 ஆண்டுகளாக நிதி தருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பம், ஓராண்டுக்கு மட்டும் பணம். நிர்வாகச் செலவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அப்பா காலத்து விதி. ஏழு ஆண்டுகள் ஆகியும் குழந்தைகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. "இவர்களின் திறனை வளர்க்க வேண்டும்" என்று எண்ணி, மூன்று ஊழியர்களுக்குத் தலைமைப் பயிற்சிக்குப் பணம் கட்டினார்கள். அதில் இருவர் ஆறே மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். குழந்தைகளின் முன்னேற்றத்தைப் பதிவுசெய்ய மென்பொருள் வாங்கிக் கொடுத்தார்கள். யாரும் அதைத் திறப்பதில்லை. கணக்காளர் மூன்றாவது முறையாக மாறிவிட்டார். அறிக்கை எப்போதும் தாமதம். அந்தத் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கி நடத்தும் நிறுவனர் அம்மாவுக்கு 61 வயது, எல்லா முடிவும் அவரே.

வாசகியிடம் மூன்று யோசனைகள் இருக்கின்றன. தனக்குத் தெரிந்த ஒரு ஆலோசகரை அனுப்பி, நிறுவனத்தை அலசி அறக்கட்டளைக்கு அறிக்கை தரச் செய்வது. தானே அவர்களின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராவது. மூன்று ஆண்டில் குழந்தைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாக வேண்டும் என்று அடுத்த நிதிக்கு நிபந்தனை போடுவது. தம்பி, "வேறு நிறுவனத்தைப் பார்ப்போம்" என்கிறார். சித்தப்பா, "ஆபீஸ் செலவுக்கெல்லாம் நம்ம பணமா?" என்கிறார். "நாங்கள் இன்னும் என்ன செய்ய வேண்டும்?" என்பது கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

ஏழு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தோடு நின்றிருக்கிறீர்கள். நன்கொடை உலகில் இது அபூர்வம். அந்த உரிமையில் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன். நீங்கள் இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது, எதை நிறுத்த வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று. கடிதத்தில் நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகளில் பாதி உங்கள் நிதியின் நிபந்தனைகளிலிருந்தே பிறந்தவை.

உங்கள் தொழிலிலிருந்தே ஒரு கேள்வி. ஒரு வாடிக்கையாளர் வந்து, "சரக்கை ஏற்றிப் போங்கள். டீசலுக்கு முழுப் பணமும் தருகிறேன். ஓட்டுநர் சம்பளம், டயர் தேய்மானம், காப்பீடு, கணக்கு எழுதுபவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 சதவீதம்தான்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? அடுத்த வாடிக்கையாளரைப் பார்ப்பீர்கள். தொண்டு நிறுவனத்தால் அப்படிப் பார்க்க முடியாது. அது ஒப்புக்கொள்ளும், தேய்ந்த டயரோடு ஓடும்.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். குழந்தைகளின் வகுப்புக்கு நேரடியாக ஆகும் செலவு 100 என்று வையுங்கள். வாடகை, கணக்கு, தணிக்கை, மேற்பார்வை, ஆள் தேடுவது எல்லாவற்றிலும் இந்த வகுப்பின் பங்கு 25 என்று வையுங்கள். நீங்கள் 10 தருகிறீர்கள். மீதி 15 நிறுவனத்தின் பாடு. இதே நிபந்தனையோடு இன்னும் மூன்று பேர் நிதி தந்தால் பள்ளம் 60 ஆகிவிடும். புதிய நிதி வர வர நிறுவனம் ஏழையாகிறது. அந்தப் பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புகிறார்கள் என்றால், கணக்காளர் சம்பளத்தைக் குறைத்து, நிறுவனர் இரவில் உட்கார்ந்து ரசீது ஒட்டி. அவர்களின் மூன்றாவது கணக்காளர் ஏன் போனார் என்று இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

இந்த 25 நான் கற்பனையில் வைத்த எண். உண்மை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை தரும் அமெரிக்காவின் பிரிட்ஜ்ஸ்பான் நிறுவனம் 2016இல் 20 தொண்டு நிறுவனங்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. வாடகை, கணக்கு போன்ற மறைமுகச் செலவு, நேரடிச் செலவில் 21 சதவீதத்திலிருந்து 89 சதவீதம் வரை இருந்தது. நடு மதிப்பு 40. பரிசோதனைக் கூடம் வைத்திருப்பவருக்கு ஒரு செலவு, வீடு வீடாகப் போகிறவருக்கு வேறு செலவு. எல்லோருக்கும் 10 என்று ஒரே அளவில் சட்டை தைக்க முடியாது.

சித்தப்பாவுக்குச் சொல்ல

அவர் கேட்பது நியாயமான கவலைதான். பணம் குழந்தைக்குப் போக வேண்டும், நாற்காலிக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறார். ஆனால் நிர்வாகச் செலவு குறைவு என்பதை நேர்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்வது தவறு. பல சமயம் அது பயத்தின் அடையாளம். 2009இல் இதே பிரிட்ஜ்ஸ்பானைச் சேர்ந்தவர்கள் 'பட்டினிச் சுழற்சி' என்ற பெயரில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த நிறுவனங்கள் 13 முதல் 22 சதவீதம் நிர்வாகச் செலவு என்று காட்டியிருந்தன. உண்மையான செலவு 17 முதல் 35 சதவீதம். நிதி தருபவர் குறைவாக எதிர்பார்க்கிறார், நிறுவனம் குறைத்துக் காட்டுகிறது, அதைப் பார்த்து அடுத்தவர் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். 2013இல் நன்கொடையாளர்களுக்காகத் தொண்டு நிறுவனங்களை மதிப்பிட்டுச் சொல்லும் மூன்று அமெரிக்க அமைப்புகளே சேர்ந்து, "இந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து நிறுவனத்தை எடைபோடாதீர்கள்" என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதின. அந்தச் சதவீதத்தைப் பரப்பியதில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்பதால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் பெரிய அறக்கட்டளைகளும் அசைந்தன. ஃபோர்டு அறக்கட்டளை 2015இல் திட்ட நிதியோடு தரும் மறைமுகச் செலவை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. மெக்கார்தர் அறக்கட்டளை பின்னர் 15 சதவீதத்திலிருந்து 29க்குப் போனது. உங்கள் அப்பா விதி போட்ட காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவரைக் குறை சொல்லாமலேயே இதைச் சித்தப்பாவிடம் பேசலாம்.

என் பங்குக்கு ஒரு பாவமன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். நான் தணிக்கையாளராக இருந்த இளவயதில் ஒரு அறக்கட்டளைக்கு 7 சதவீத வரம்பை எழுதிக் கொடுத்தவன். இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் நிதி தந்த ஒரு நிறுவனத்துக்குச் சோதனைக்குப் போனேன். கணக்கைக் கேட்டதும் அங்கிருந்த பெண் எழுந்து அலமாரியைத் திறந்து, "எந்த நோட்டு வேணும் சார்?" என்றார். நான்கு நோட்டுகள், நான்கு நிறத்தில் அட்டை. நான்கு நிதியாளர்கள், நான்கு விதமான தலைப்பு, அதில் இருவருக்கு ஆண்டுக் கணக்கு முடியும் மாதமே வேறு. அலுவலக வாடகை ஒரு நோட்டில் 'பயிற்சி மையம்', இன்னொன்றில் 'பெற்றோர் சந்திப்புக் கூடம்'. திருட்டு எதுவும் இல்லை. காசு முழுக்கச் சரியாகத்தான் செலவாகியிருந்தது. ஒரு வாடகையைச் செலுத்துவதற்காக அந்தப் பெண்ணை இவ்வளவு வேலை வாங்கியிருந்தோம். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சலிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

மென்பொருளும் பயிற்சியும் ஏன் வீணாயின

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்: "ஆசிரியைகள் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்கள்." அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தீர்களா? அடுத்த முறை போகும்போது பாருங்கள். எந்தக் குழந்தை எந்தச் சைகையைத் தானாகவே பயன்படுத்தியது, யாருடைய கேட்புக் கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அவர்களுக்கு நாளைக்கு வேண்டியது அதில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது மென்பொருளில் இருக்கிறது. இரண்டாவது முறை பதிவுசெய்ய அவர்களுக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. வாங்கிய விலையை நீங்கள் கொடுத்தீர்கள். ஆண்டுச் சந்தா, கணினிப் பழுது, கற்றுத்தர ஒரு ஆள், பதிவுசெய்ய வாரத்தில் சில மணி நேரம், இவற்றை யார் கொடுப்பது என்று பேசவில்லை. ஒரு லாரியைப் பரிசாகக் கொடுத்துவிட்டு அதற்கு ஓட்டுநர் கிடையாது என்றால் அது நிற்கும் இடத்தில் புல் முளைக்கும்.

பயிற்சியிலும் இதே கதை. பயிற்சி பெற்றவர் வெளியில் கூடுதல் சம்பளத்துக்குத் தகுதியாகிறார். உள்ளே சம்பளத்தை உயர்த்த உங்கள் வரம்பு விடவில்லை. ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பதும் உறுதியில்லை. நல்லவர்களைத் தயார்செய்து அடுத்தவருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அவர்கள் வேறு தொண்டு நிறுவனத்துக்குப் போயிருந்தால் சமூகத்துக்கு நட்டமில்லை என்று தேற்றிக்கொள்ளலாம், சரி. ஆனால் இந்த நிறுவனத்தின் திறன் கூடவில்லை.

உங்கள் மூன்று யோசனைகள்

ஆலோசகர் யோசனை நல்லது, அனுப்பும் விதம்தான் தவறு. நீங்கள் தேர்ந்தெடுத்து, உங்களுக்கே அறிக்கை தருபவரை அவர்கள் ஆய்வாளராகத்தான் பார்ப்பார்கள். ஆய்வாளரிடம் யாரும் ஓட்டையைக் காட்ட மாட்டார்கள். பணத்தை நிறுவனத்துக்குக் கொடுங்கள். இரண்டு மூன்று பேரைப் பார்த்து அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அறிக்கை நிறுவனர் அம்மாவுக்கும் அவர்களின் நிர்வாகக் குழுவுக்கும் மட்டும் போகட்டும். உங்களுக்கு அவர்கள் எவ்வளவு காட்ட விரும்புகிறார்களோ அவ்வளவு போதும். அறிக்கையின் கடைசியில் எட்டுப் பரிந்துரை இருக்கும். அவற்றில் இரண்டையாவது நடைமுறைப்படுத்த இப்போதே பணம் ஒதுக்கிவையுங்கள். பரிந்துரை அலமாரியில் தூங்குவதற்குப் பெரும்பாலும் பணமில்லாததுதான் காரணம். இன்னொன்று, இந்தப் பணம் வகுப்புக்கான நிதிக்கு மேல் கூடுதலாக வர வேண்டும். வகுப்பிலிருந்து வெட்டித் தந்தால் அவர்கள் எந்த ஆலோசனையையும் வெறுப்பார்கள், அதில் தப்பில்லை.

நிர்வாகக் குழுவில் நீங்கள் உட்காருவது வேண்டாம். இது என் கருத்து மட்டும் இல்லை, சட்டச் சிக்கலும் உண்டு. குழு உறுப்பினர் அந்த நிறுவனத்தின் நலனை மட்டும் பார்க்கக் கடமைப்பட்டவர். உங்கள் அறக்கட்டளையிலும் அதே கடமை உங்களுக்கு இருக்கிறது. 'அடுத்த ஆண்டு நிதி கேட்போமா, எவ்வளவு கேட்போம்' என்ற விவாதம் வரும்போது எந்தத் தொப்பியைப் போடுவீர்கள்? எழுந்து வெளியே போகலாம். ஆனால் நீங்கள் உள்ளே இருக்கும் மற்ற நேரமெல்லாம் யாரும் "பணம் தீரப்போகிறது" என்று வாய் திறக்க மாட்டார்கள். நடந்த தவறுக்கு உறுப்பினர் என்ற முறையில் நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரலாம். அவர்கள் குழுவில் நிதி தெரிந்தவர், காது கேளாதவர்களிலிருந்தே ஒருவர், பெற்றோர் ஒருவர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் தேட உதவலாம், நியமிப்பது அவர்கள் வேலை.

இரட்டிப்பு நிபந்தனைதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 'தாக்கம்' என்றவுடன் நமக்கு எண்ணிக்கை கண்ணில் நிற்கிறது. ஒரு ஆசிரியை ஆறு குழந்தைகளின் கையைப் பிடித்துச் சைகை சொல்லித்தர முடியும். பன்னிரண்டு பேரை உட்காரவைத்தால் எண்ணிக்கை இரட்டிக்கும், ஒவ்வொருவரின் மொழியும் பின்தங்கும். காது கேளாத குழந்தைக்கு முதல் சில ஆண்டுகளில் முழுமையான ஒரு மொழி கிடைக்காமல் போனால் அதைப் பின்னால் ஈடுகட்டுவது மிகக் கடினம். ஏழு ஆண்டில் கூடவில்லை என்று நீங்கள் சொல்லும் எண்ணிக்கைக்குப் பின்னால் என்ன நடந்திருக்கிறது? எத்தனை பேர் பள்ளியில் தொடர்ந்து படிக்கிறார்கள், எத்தனை பெற்றோர் வீட்டில் சைகையில் பேசுகிறார்கள்? உங்கள் கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை. உங்கள் அறிக்கைப் படிவம் இதைக் கேட்பதே இல்லை என்று ஊகிக்கிறேன். நிறுவனத்தோடு உட்கார்ந்து, அவர்களுக்கே பயன்படும் மூன்று நான்கு விஷயங்களை மட்டும் அளக்க ஒப்புக்கொள்ளுங்கள். வளர வேண்டுமா, எப்போது என்பதை அதன் பிறகு அவர்கள் சொல்லட்டும்.

சரி, என்ன தரலாம்

என் முதல் சிபாரிசு, மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு, எதற்கென்று பூட்டுப் போடாத நிதி. ஃபோர்டு அறக்கட்டளையின் 'பில்ட்' திட்டம் 100 கோடி டாலரை இப்படித்தான் கொடுத்தது: ஐந்து ஆண்டு உறுதி, நெகிழ்வான பணம், அதோடு நிறுவனத்தை வலுப்படுத்தத் தனிப் பங்கு. அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 2020 முதல் கொடுத்துவரும் பெரும் தொகைகளும் நிபந்தனையற்றவை. திடீரென்று பெரிய பணம் வந்தால் நிறுவனங்கள் திணறும் என்று பலர் பயந்தார்கள். அந்தப் பணத்தைப் பெற்ற நிறுவனங்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை அதைத் தாக்குப்பிடிக்கும் விதமாகவே பயன்படுத்தியது தெரிந்தது. உங்கள் தொகை அவ்வளவு இல்லை. ஆனால் 'அடுத்த ஆண்டும் வரும்' என்ற உறுதிக்குத் தொகையின் அளவு தேவையில்லை. அந்த உறுதி இருந்தால்தான் கணக்காளருக்கு நிரந்தர வேலைக் கடிதம் கொடுக்க முடியும்.

அதற்குள் சட்டம் பற்றி ஒன்று. 'இந்த வகுப்புக்கு' என்று எழுதிக் கொடுத்த பணத்தை நிறுவனம் வேறெதற்கும் எடுத்தால் அது நம்பிக்கை மீறல். நீங்கள் தொலைபேசியில் "பரவாயில்லை, பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லியிருந்தாலும் தணிக்கையில் அது நிற்காது. நெகிழ்வு கொடுப்பதென்றால் ஒப்பந்தத்தில் எழுத்தில் கொடுங்கள். உங்கள் அறக்கட்டளையின் பத்திரம் அதை அனுமதிக்கிறதா, 10 சதவீத விதி பத்திரத்திலேயே இருக்கிறதா அல்லது வெறும் தீர்மானமா என்று முதலில் உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். தீர்மானம் என்றால் இன்னொரு தீர்மானம் போதும். பத்திரத்தில் இருந்தால் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, நிறுவனரின் சுமை. "அவருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் உண்மை இருக்கலாம். தான் பெற்று வளர்த்ததை விட முடியாத நிறுவனர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், சிலர் நிறுவனத்தையே கூட இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் விட்டுக்கொடுக்க எதிரில் ஒரு ஆள் வேண்டுமே. இரண்டாம் நிலைத் தலைவர் ஒருவருக்கு மூன்று ஆண்டு முழுச் சம்பளம் தர முன்வாருங்கள். ஓராண்டு போதாது, முதல் ஆண்டு பழகவே போய்விடும். முதல் ஆண்டு முடிவில் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கும் கிடைத்ததா என்று பாருங்கள். அது நடந்தால் மற்றதும் நடக்கும். நடக்கவில்லையென்றால் உங்கள் சந்தேகம் சரி. அப்போது நிறுவனர் அம்மாவிடம் நேராகப் பேசுங்கள்.

மூன்றாவது, கையிருப்பு. மூன்று மாதச் செலவாவது வங்கியில் இல்லாத நிறுவனம் எந்தத் திட்டமும் போட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் உங்கள் நிதியில் சிறு பங்கைக் கையிருப்புக்கென்றே ஒதுக்கிக் கொடுங்கள். ஆண்டு இறுதியில் மிச்சமான பணத்தைத் திருப்பிக் கேட்கும் விதி உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த விதிதான் கடைசி மாதத்தில் தேவையில்லாத மேசையை வாங்க வைக்கிறது.

ஆபத்து இல்லாமல் இல்லை. அவர்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் நீங்களே கொடுத்தால், நீங்கள் ஒரு நாள் தும்மினால் அவர்களுக்குக் காய்ச்சல் வரும். அதனால் விலகுவதென்றால் எத்தனை மாதம் முன்கூட்டிச் சொல்வீர்கள் என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஓராண்டு நியாயமானது. வேறு நிதி திரட்டும் ஆளுக்கும் கொஞ்சம் பணம் கொடுங்கள். பூட்டில்லாத பணம் என்றால் கேள்வியே கேட்கக் கூடாது என்று அர்த்தமில்லை. தணிக்கை செய்யப்பட்ட கணக்கும், ஆண்டுக்கு ஒரு நேர்மையான உரையாடலும் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மற்ற நிதியாளர்களுக்கு எழுதும் அறிக்கையையே உங்களுக்கும் அனுப்பலாம் என்று சொன்னால், ஒரு நோட்டு குறையும்.

தம்பி சொல்வதுபோல் வேறு நிறுவனத்துக்குப் போவதும் உங்கள் உரிமைதான். ஆனால் இதே 10 சதவீதத்தையும் ஓராண்டு ஒப்பந்தத்தையும் சுமந்துகொண்டு போனால் ஏழு ஆண்டு கழித்து இதே கடிதத்தை எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.

நிறுவனர் அம்மாவிடம் பேசப் போகும்போது ஒன்றை எதிர்பார்த்துப் போங்கள். "எங்களால் உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று கேட்டால் முதல் முறை, "ஐயோ, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்பார். பணம் தருபவரிடம் வேறென்ன சொல்வார்? பல ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு இன்னொரு முறை கேளுங்கள், உங்கள் இடத்துக்கு வரவழைக்காமல் அவர் இடத்துக்கே போய்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் விண்ணப்பப் படிவத்தையும் அறிக்கைப் படிவத்தையும் ஒரு மாலை எடுத்துவைத்து, உங்கள் போக்குவரத்து நிறுவனத்துக்காக நீங்களே நிரப்பிப் பாருங்கள். தம்பியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது, எந்தக் கேள்வியில் நிறுத்திவிட்டு எழுந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அங்கிருந்து பேசுவோம்.